கோட்டின் தடிமன் சாலையின் அகலமா?

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மலையேறிக் கேரளத்தின் நெடுங்கண்டத்துக்குத் திராட்சை ஏற்றிச் செல்லும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: குமுளிச் சாலை போனில் தடித்த நிறக்கோடாகவும் கம்பம்மெட்டுச் சாலை மெலிந்த வெளிர்கோடாகவும் தெரிகின்றன, நேரில் இரண்டிலும் லாரி ஏறுகிறது, இன்னொரு செயலியைத் திறந்தால் நிறங்களே வேறாக இருக்கின்றன, அப்படியானால் இந்தக் கோடுகள் எதைத்தான் காட்டுகின்றன? கேள்வி நிறத்தைப் பற்றியதாக இருந்தாலும், கோட்டைப் பார்த்து வண்டியை நம்பி விடலாமா என்பதே உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் உத்தமபாளையம் பக்கத்துக்காரன். சிவில் டிப்ளமா முடித்து முதலில் சாலை அளவை வேலையிலும், பிறகு ஜிஐஎஸ் எனும் கணினி வரைபடத் தரவு தயாரிக்கும் வேலையிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்திருக்கிறேன். ஓய்வு நேரத்தில், யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் பக்கத்துச் சாலைகளை வரைந்து திருத்தியும் வருகிறேன். கூகுள் போன்ற நிறுவனங்களின் உள்ளே வேலை பார்த்ததில்லை. அவற்றைப் பற்றி நான் சொல்பவை வெளியிலிருந்து கவனித்தவை மட்டுமே.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: கோட்டின் நிறமும் தடிமனும் அந்தச் சாலைக்குக் கொடுக்கப்பட்ட வகுப்பை, அதாவது நெடுஞ்சாலையா தெருவா என்பது போன்ற பிரிவைக் காட்டுகின்றன. சாலை எத்தனை அடி அகலம், தார் போட்டதா, குண்டும் குழியுமா என்பதை அவை காட்டுவதில்லை. கணினிக்குள் ஒரு சாலை என்பது அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளை வரிசையாக இணைத்த ஒரு கோடும், அதனுடன் ஒட்டிய சில குறிப்புகளும்தான். பெயர், எண், வகுப்பு, ஒருவழியா இருவழியா, பாலமா சுரங்கமா என்பன அந்தக் குறிப்புகள். கோட்டுக்கு நிறமும் கிடையாது, அகலமும் கிடையாது. 'இந்த வகுப்பு என்றால் இந்த நிறம், இந்த ஜூமில் இவ்வளவு தடிமன்' என்று தனியே எழுதி வைத்த விதிப்பட்டியலைப் பார்த்து, வரையும் நிரல் அந்தந்த நேரத்தில் வண்ணம் பூசுகிறது. தரவு ஒன்றாகவே இருந்தாலும் விதிப்பட்டியல் மாறினால் படம் மாறிவிடும். இரண்டு செயலிகளில் ஒரே சாலை இரண்டு நிறத்தில் தெரிவதற்கு இதற்கு மேல் மர்மம் எதுவுமில்லை.

தடிமனைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இணைய வரைபடங்களில் பெரும்பாலானவை உலகம் முழுவதையும் பக்கத்துக்கு 256 திரைப்புள்ளி (பிக்சல்) உள்ள சதுரத்துக்குள் அடக்கும் நிலையைப் பூஜ்ஜியமாக வைத்து, ஒவ்வொரு ஜூமுக்கும் படத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகின்றன. நம் கம்பம் பள்ளத்தாக்கின் அட்சரேகையில், 10-ஆம் நிலையில் திரையின் ஒரு புள்ளி தரையில் சுமார் 150 மீட்டருக்குச் சமம். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் கணக்குப்படி இரண்டு தடமுள்ள சாலையின் தார்ப்பரப்பு 7 மீட்டர், ஒற்றைத் தடச் சாலை 3.75 மீட்டர். உள்ள அளவில் வரைந்தால் தேசிய நெடுஞ்சாலையே ஒரு புள்ளியில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். அது கண்ணுக்கே தெரியாது. ஆகவே, உதாரணத்துக்கு, மூன்று புள்ளி அகலத்தில் வரைகிறார்கள் என்று வையுங்கள். அப்படியென்றால் தரையில் 450 மீட்டர் அகலமுள்ள ஒரு சாலையை அவர்கள் வரைந்திருக்கிறார்கள் என்று பொருள். 15-ஆம் நிலையில் ஒரு புள்ளி 4.7 மீட்டர், அங்கேயும் சாலை ஒன்றரைப் புள்ளிதான். 18-ஆம் நிலைக்குப் போனால்தான் ஒரு புள்ளி அறுபது சென்டிமீட்டருக்கு இறங்கி, 7 மீட்டர்ச் சாலை 12 புள்ளி அகலம் பெறுகிறது. வரைந்த அகலமும் உண்மை அகலமும் ஓரளவு நெருங்குவது இப்படி மிக உயர்ந்த நிலைகளில்தான்; அதுவும் தற்செயலாகவே. இதில் ஏமாற்று எதுவுமில்லை, காகித வரைபடத்திலும் இதே கதைதான். 1:50,000 அளவுள்ள தாளில் அரை மில்லிமீட்டர்க் கோடு தரையில் 25 மீட்டர்.

இதனால் மலைச்சாலைக்கு ஒரு தனிச் சிக்கல் வருகிறது. மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலை, பெரியாறு மின் நிலையத்துக்குக் குழாய்கள் இறங்கும் அந்தச் சரிவில் கொண்டை ஊசிகளாக மடிந்து மடிந்து ஏறுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஜூமைக் குறைக்கும்போது 450 மீட்டர் 'அகலமுள்ள' கோட்டுக்குள் அந்த மடிப்புகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். அது போதாதென்று, படம் விரைவாகத் திறக்க வேண்டும் என்பதற்காகக் குறைந்த ஜூமில், கோட்டை உருவாக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளையே குறைத்துவிடுவார்கள். இதற்குப் பரவலாகப் பயன்படும் வழிமுறை 1973-இல் டக்ளஸ், பாய்க்கர் என்ற இருவரின் பெயரால் வெளிவந்தது. இரண்டு முனைகளுக்கிடையே ஒரு நேர்கோட்டைப் போட்டுப் பார்த்து, அதிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் விலகாத வளைவுகளை அது கழித்துவிடும். சமவெளியில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. மலையில் ஆறேழு கொண்டை ஊசிகள் ஒரு சின்ன நெளிவாகச் சுருங்கிவிடுகின்றன. போடிமெட்டின் 17 வளைவுகளையும் தேனி மாவட்டம் முழுவதும் தெரியும் ஜூமில் எண்ணிப் பார்க்க முயன்றால் இது உடனே விளங்கும். தூரத்தை மட்டும் அந்தச் சுருங்கிய கோட்டிலிருந்து அளப்பதில்லை. வழி கேட்டால் கிலோமீட்டர்க் கணக்கு முழுத் தரவிலிருந்துதான் வருகிறது, ஆகவே அந்த எண்ணை நம்பலாம்.

இனி வகுப்புக்கு வருவோம். நம் நாட்டில் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்ற ஐந்து பிரிவுகள் 1943-இல் வகுக்கப்பட்ட நாக்பூர் திட்டத்திலிருந்து வருபவை. யார் பராமரிப்பது, யார் பணம் கொடுப்பது என்பதே அதன் அடிப்படை. மைல்கல்லின் தலையில் இருக்கும் நிறமும் இந்தப் பிரிவையே சொல்கிறது: மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துச் சாலை. அந்த நிறங்களுக்கும் செயலியின் நிறங்களுக்கும் எந்த உறவும் இல்லை. மஞ்சள் கல்லை மனதில் வைத்துக்கொண்டு திரையில் மஞ்சள் கோட்டைத் தேடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதன் வகுப்புப் பெயர்களும் அந்த நாட்டுச் சாலைகளிலிருந்து வந்தவை. மோட்டர்வே, டிரங்க், பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி, அன்கிளாசிஃபைட், ரெசிடென்ஷியல், டிராக், பாத் என்று அது இறங்கிக்கொண்டே போகும். இந்திய வழக்கத்தில் தேசிய நெடுஞ்சாலையை டிரங்க் என்றும், மாநில நெடுஞ்சாலையைப் பிரைமரி என்றும், மாவட்ட முக்கியச் சாலையைச் செகண்டரி என்றும் பொருத்தினார்கள். இங்கே புதிதாக வரைய வருகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் சொல் அன்கிளாசிஃபைட். 'என்ன வகை என்று தெரியவில்லை' என்பதல்ல அதன் பொருள். டெர்ஷியரிக்குக் கீழே, ஊரை ஊரோடு இணைக்கும் சிறிய பொதுச் சாலைக்கு இங்கிலாந்தில் வழங்கும் பெயர் அது. வகை தெரியாத சாலைக்கு வேறு குறிச்சொல் உண்டு. இந்த ஒரு குழப்பத்தினாலேயே நம் பக்கத்தில் நல்ல பேருந்துச் சாலைகளும் தோட்டத்து ஜீப்புப் பாதைகளும் பல இடங்களில் ஒரே வெள்ளைக் கோடாகப் படுத்துக் கிடக்கின்றன.

எந்த வகுப்பு எந்த ஜூமில் தோன்ற வேண்டும் என்பதும் விதிப்பட்டியலில்தான் இருக்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் வழக்கமான படத்தில் டிரங்க் சாலை ஏறத்தாழ 6-ஆம் நிலையிலேயே தலைகாட்டிவிடும். பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி ஆகியவை 8 முதல் 10 வரையுள்ள நிலைகளில் ஒவ்வொன்றாகச் சேரும். தெருக்கள் 12-ஐ ஒட்டி வரும். மண்பாதையும் நடைபாதையும் அதற்கும் பிறகு கோடிட்டோ புள்ளியிட்டோ வரும். குறைந்த ஜூமில் ஒரு சாலை காணவில்லை என்றால் அது இல்லை என்று பொருளல்ல, அதன் முறை இன்னும் வரவில்லை என்றுதான் பொருள்.

நிறங்கள் நிலையானவையும் அல்ல. 2015 வரை அந்தப் படத்தில் மோட்டர்வே நீலமாகவும் டிரங்க் பச்சையாகவும் இருந்தன. இங்கிலாந்தின் சாலைப் பலகைகளைப் பார்த்து வைத்த நிறங்கள் அவை. நீலச் சாலை ஆற்றோடு குழம்பியது, பச்சைச் சாலை காட்டுக்குள் கரைந்தது. லோயர் கேம்ப்புக்கு மேலே காட்டுப் பச்சைக்குள் நுழைந்த குமுளிச் சாலையை அன்றைக்குத் திரையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஆண்டின் இறுதியில் சிவப்பிலிருந்து ஆரஞ்சு, வெளிர்மஞ்சள், வெள்ளை என்று தணிந்துகொண்டே போகும் வரிசைக்கு மாற்றினார்கள். கூகுளும் நெடுங்காலம் வைத்திருந்த மஞ்சள், வெள்ளைச் சாலைகளை 2023-இல் சாம்பல் சாயலுக்கு மாற்றியது. அந்தச் சமயத்தில் 'எங்கள் ஊர் நெடுஞ்சாலையைக் கீழிறக்கிவிட்டார்களா' என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டார்கள்.

கோட்டை வரையும் விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடைப் பலகை எழுதுகிறவர் எழுத்துக்குக் கறுப்பில் கரை கட்டி உள்ளே மஞ்சள் நிரப்புவதைப் போல, ஒவ்வொரு சாலையும் இரண்டு முறை வரையப்படுகிறது: முதலில் சற்றுத் தடித்த கருங்கோடு, அதன்மேல் சற்று மெலிந்த வண்ணக்கோடு. இதைச் சாலைக்குச் சாலை தனித்தனியாகச் செய்தால், கம்பத்தில் கம்பம்மெட்டுச் சாலை பிரியும் இடத்தில் பிந்தி வரைந்த சாலையின் கரை முந்தைய சாலையின் குறுக்கே சுவர் எழுப்பியது போல விழும். அதனால் எல்லாச் சாலைகளின் கரைகளையும் முதலில் வரைந்து முடித்துவிட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் உள்நிறம் பூசுகிறார்கள், சந்திப்பு ஒட்டிக்கொள்கிறது. பாலத்துக்கு மட்டும் இந்த ஒட்டல் கூடாது. மேலே செல்லும் சாலை கரையோடு கீழ்ச்சாலையை வெட்டிச் செல்ல வேண்டும் என்பதற்காக, பாலம் என்ற குறிப்பும் எத்தனையாவது அடுக்கு என்ற எண்ணும் தரவில் இருக்கின்றன. சுரங்கத்துக்குக் கரை விட்டுவிட்டு வரும்.

தமிழ்நாடு, கேரள எல்லை தாண்டியதும் கோடு மெலிவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் இந்தத் தொல்லை இல்லை. திண்டுக்கல், தேனி, கம்பம், குமுளி, கோட்டயம் வழியாகக் கொல்லம் போகும் 183 இரண்டு மாநிலத்திலும் 183தான். 2010-இல் எண்களை மாற்றியபோது தேனி முதல் கொல்லம் வரையிலான பழைய 220 இதில் சேர்ந்தது. கடைசி இரண்டு இலக்கம் அது பிரியும் தாய்ச் சாலையான 83-ஐக் குறிக்கிறது. மற்ற சாலைகளை அந்தந்த மாநிலம்தான் வகைப்படுத்துகிறது. ஒரு பக்கம் மாநில நெடுஞ்சாலையாகப் பட்டியலில் இருப்பது மறுபக்கம் மாவட்ட முக்கியச் சாலையாக இருக்கலாம், எண்ணும் மாறலாம். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் வரைந்தவர் தமிழ்நாட்டுப் பட்டியலையும் அந்தப் பக்கம் வரைந்தவர் கேரளப் பட்டியலையும் வைத்துக்கொண்டு வரைந்திருப்பார். சாவடிக் கம்பத்தின் நேர்கீழே கோடு நிறம் மாறும். தார் அப்படியேதான் இருக்கும்.

இவ்வளவும் உறுதியானவை. கூகுள் எப்படி வகுக்கிறது என்பது ஊகத்தைச் சேர்ந்தது. அவர்கள் உள்விதிகளை வெளியிடுவதில்லை. அரசு வகைப்பாட்டோடு போக்குவரத்து அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்பது என் கணிப்பு, ஏனெனில் மாநில எண் எதுவும் இல்லாத சில பரபரப்பான சாலைகளை அவர்கள் தடித்தே காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். 2008 முதல் 2017 வரை மேப் மேக்கர் என்ற வசதியின் வழியே பொதுமக்களே கூகுளுக்குச் சாலைகளை வரைந்தார்கள். இந்தியாவில் அதைப் பெருமளவில் பயன்படுத்தினோம். நம் பக்கத்துச் சிறு சாலைகள் சிலவற்றின் விசித்திரமான வகுப்பு அந்தக் காலத்து மிச்சமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு, நிரூபிக்க முடியாது.

வகுப்பு தவறினால் படம் மட்டும் கெடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் வழி கண்டுபிடிக்கும் ஓஎஸ்ஆர்எம் என்ற நிரலின் கார் அமைப்பில், வேகவரம்பு தனியாகக் குறிக்கப்படாத இடத்தில் டிரங்க் சாலைக்கு மணிக்கு 85 கி.மீ., பிரைமரிக்கு 65, செகண்டரிக்கு 55, டெர்ஷியரிக்கு 40, அன்கிளாசிஃபைடுக்கு 25 என்று இயல்பு வேகம் வைத்திருக்கிறார்கள். லோயர் கேம்ப் ஏற்றத்தில் திராட்சைக் கூடைகளோடு 85-இல் போவதை நினைத்துப் பாருங்கள். வேகவரம்பைக் குறித்து வைத்தால் இது ஓரளவு சரியாகும். போன்கள் அனுப்பும் உண்மையான வேகத்தை வைத்துக் கணக்கிடும் செயலிகளில் இந்தத் தவறு குறைவு. ஆனால் அதிகம் பேர் போகாத சாலையில், அல்லது சிக்னல் கிடைக்காத காட்டில், அவற்றுக்கும் பிடிமானம் குறைந்துவிடும். தம் ஊர்ச் சாலை தடிப்பாகத் தெரிய வேண்டும் என்று ஒரு படி உயர்த்தி வகுப்புப் போடும் ஆர்வலர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்த வேகப் பட்டியலைத்தான்.

நானே செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, மலைமுகட்டின் ஓரமாக ஓர் ஏலத்தோட்டம் வரை ஓடிய வெளிறிய பட்டை ஒன்றை டிராக், அதாவது வண்டி போகும் மண்பாதை, என்று வரைந்துவிட்டேன். ஒரே சீரான அகலம், நெளிவிலும் ஒழுங்கு, முடிவில் ஒரு தகரக் கூரை. சந்தேகப்பட எதுவும் இருக்கவில்லை. பின்னொரு கோடையில் அங்கே நடந்து போனபோது கால் வைக்குமிடமெல்லாம் வெட்டிய புல்லின் கூர்முனைகள் குத்தின. அது காட்டுத்தீ பரவாமலிருக்கப் புல்லைச் செதுக்கி விட்ட தீத்தடுப்புக் கோடு. வண்டி வந்த தடமே அங்கே இல்லை. நல்ல வேளையாக அதை நம்பி யாரும் ஜீப்பை விட்டதாகத் தெரியவில்லை. மேலேயிருந்து பார்த்து வரைந்தவை எவை, நேரில் பார்த்து வரைந்தவை எவை என்று கோட்டின் நிறத்தைக் கொண்டு பிரிக்க முடியாது. நடைபாதைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம்: குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுவது போன்ற தடங்கள் புள்ளிக்கோடாகத் தெரிகின்றன. தடம் இருக்கிறது என்பதைத்தான் அந்தப் புள்ளிகள் சொல்கின்றன. வனத்துறை அனுமதிக்கிறது என்று சொல்லவில்லை.

தார்ப்பரப்பு, அகலம், தடங்களின் எண்ணிக்கை, மண்பாதையின் தரம் ஆகியவற்றுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு. பெரும்பாலான படங்கள் அவற்றைக் காட்டுவதில்லை என்பது ஒன்று. நம் மலைப்பக்கத்தில் யாரும் நிரப்பி வைக்கவில்லை என்பது மற்றொன்று. இதற்கு அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடத் தாள்கள் எவ்வளவோ மேல் என்பேன். கப்பி போட்ட சாலைக்கும் மண்சாலைக்கும் வண்டிப்பாதைக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் அவற்றில் வெவ்வேறு குறிகள் இருந்தன. தாள் பழையது என்பதுதான் குறை.

உங்கள் கம்பம்மெட்டு விஷயத்துக்கு நான் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கோட்டின் நிறத்தை மறந்துவிட்டுச் செயற்கைக்கோள் படத்தில் 18-ஆம் நிலைக்குப் போய், வளைவுகளில் தார் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். மேலே சொன்னபடி ஒரு புள்ளி அறுபது சென்டிமீட்டர், அல்லது திரையின் மூலையிலுள்ள அளவுகோலை வைத்தே அளந்துகொள்ளலாம். மரநிழல் மறைத்த வளைவுகளை விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புக்காரர்களிடம் கேளுங்கள், அவர்களை விட நல்ல தரவு எங்கும் இல்லை. இன்னொன்று, சபரிமலைக் காலத்தில் கூட்டம் மிகுந்தால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏறவும் குமுளி வழியாக இறங்கவும் ஒருவழியாகத் திருப்பிவிடுவது நம் பக்கத்து வழக்கம். இந்த ஏற்பாட்டைக் கோட்டின் நிறமோ தடிமனோ காட்டாது. கார்த்திகையிலும் மார்கழியிலும் காலி வண்டியோடு திரும்பும் நாட்களில், குமுளி சுற்றி வரும் தூரத்துக்கும் சேர்த்து டீசல் போட்டுக்கொள்ளுங்கள்.